சிங்கப்பூர் ஆறும் ஒட்டுக் காகிதமும்

சிங்கப்பூர் ஆற்றில் சரக்கு ஏற்றி இறக்கிய மரப்படகுகள் 1983இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டன. 800க்கும் மேற்பட்ட படகுகள் பாசிர் பாஞ்சாங் கரைக்குப் போய்ச் சேர்ந்தன. ஓவியங்களிலிருந்து மட்டும் அவை போகவே இல்லை. ஹோட்டல் வரவேற்பறை, வங்கி அலுவலகம், சுற்றுலாப் பயணிகளை நம்பியிருக்கும் கலைக்கூடம் என்று பல சுவர்களில் இன்றும் ஒரு படகுத்துறை ஓவியம் தொங்குகிறது. வளைந்து செல்லும் கரை, ஓட்டுக்கூரை போட்ட கடைவீடுகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் படகுகள், பின்னால் ஒரு பாலம். முன்பெல்லாம் இவை பெரும்பாலும் நீர்வண்ணத்தில் வந்தன. இப்போது அக்ரிலிக், மை, கிழித்து ஒட்டிய செய்தித்தாள், பழைய வரைபடத்தின் நகல், துணி, கயிறு எல்லாம் சேர்ந்த கலப்பு ஊடக ஓவியங்களும் அதே இடத்தைப் பிடித்திருக்கின்றன.

இந்த மாற்றத்தை வரவேற்க வலுவான காரணங்கள் இருக்கின்றன. ஒரு நகரத்தின் நெரிசலான ஆற்றங்கரையைச் சொல்லக் கலப்பு ஊடகத்தைப் போலப் பொருத்தமான வழிகள் அதிகம் இல்லை. ஆனால் அங்கே உழைத்த மனிதர்களைப் படத்திலிருந்து மறைத்துவிடவும் அதே வழி மிக எளிதாக உதவுகிறது. பல நேரங்களில் இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் நடக்கின்றன.

ஆறு எதனால் அவ்வளவு நெரிசலாக இருந்தது? கிம் செங் பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை அதன் நீளம் 3 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அவ்வளவு சிறிய ஆறுதான் 1819க்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு துறைமுக நகரத்தின் வணிகத்தைச் சுமந்தது. பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும். தொங்கான், துவாகோ என்ற மரப்படகுகள் அவற்றின் சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவரும். அரிசி, ரப்பர், மிளகு, கொப்பரை என்று எல்லாம் வந்தது. படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பலகை கிடக்கும். மூட்டை சுமப்பவர் அந்தப் பலகையில் ஏறி, தெருவைக் கடந்து கிடங்குக்குப் போவார். மூட்டைக்கு ஒரு குச்சி என்று கணக்கு. குச்சிகளை எண்ணித்தான் கூலி.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தப் படகுத் தொழிலில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். பிறகு அது ஹொக்கியன், தியோச்சு சீனர்களின் கைக்கு மாறியது. படகுத்துறையை ஒட்டிய மார்க்கெட் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. பெட்டியும் பாயும் சாய்மேசையும் போட்டு உட்கார்ந்து, கரையில் நடந்த வணிகத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் அவர்கள். ஆக, இந்தக் கரையின் பரபரப்பில் தமிழருக்கும் பங்கு உண்டு. மூட்டை, பலகை, குச்சி, கணக்கு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் அந்தப் பரபரப்பு. வரலாற்றாய்வாளர் ஸ்டீபன் டாப்ஸ் 2003இல் வெளியிட்ட சிங்கப்பூர் ஆற்றின் சமூக வரலாறு இந்தப் படகுக்காரர்களையும் சுமைகூலிகளையும் நடுவில் வைத்து எழுதப்பட்டது. அந்த நூலில் நிறைந்திருக்கும் மனிதர்களை ஓவியங்களில் தேடிப் பார்த்தால் கிடைப்பது குறைவு.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆறு நாறியது. பன்றிப் பண்ணைகளின் கழிவு, வாத்துப் பண்ணைகளின் கழிவு, நடைபாதை உணவுக்கடைகள் கொட்டிய எச்சம், படகு எண்ணெய் எல்லாம் அதில்தான் கலந்தன. 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் யூ 10 ஆண்டுக் கெடு வைத்துத் தொடங்கிய துப்புரவுத் திட்டம், 1987இல் முடிவதற்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்களையும் கடைக்காரர்களையும் இடம்பெயர வைத்தது. படகுகள் போனது அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. கறுப்புத் தண்ணீரும் நாற்றமும் இடப்பெயர்வும் இல்லாத ஆற்றைத்தான் பெரும்பாலான ஓவியங்கள் நினைவில் வைத்திருக்கின்றன.

நீர்வண்ணக்காரர்களைக் குறைசொல்ல முடியாது. அலுவலக வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஆற்றங்கரைக்கு வந்து வரைந்த லிம் செங் ஹோ, 1969இல் தொடங்கிய சிங்கப்பூர் நீர்வண்ணச் சங்கத்தின் முன்னோடியான கோக் சிங் ஹூய், பிறகு வந்த ஓங் கிம் செங் போன்றவர்கள் படகுகள் கண்முன்னே நின்றபோது அங்கேயே உட்கார்ந்து வரைந்தவர்கள். ஜார்ஜெட் சென் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய சிங்கப்பூர் நீர்முகப்பிலும் அந்த நேரடித்தன்மை இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். தாளின் ஈரம் காய்வதற்குள் நிறம் விழ வேண்டும். வெப்பமண்டலத்தின் ஈரக் காற்றையும் தண்ணீரில் உடையும் ஒளியையும் நீர்வண்ணத்தைப் போல வேறெதுவும் பிடித்துவிடாது. அதன் எல்லையும் அங்கேயே இருக்கிறது. நீர்வண்ணம் எதையும் மென்மையாக்கும். 80 கிலோ மூட்டையும் அதில் ஒரு பழுப்புத் தீற்றல்தான். சுவரில் வழிந்த கசடு அழகான சாம்பல் நிறமாகிவிடும். பாரம் என்ற ஒன்றை அந்த ஊடகம் தாங்காது.

அந்த இடத்தில்தான் கலப்பு ஊடகம் உதவிக்கு வருகிறது.

ஊடகங்களைக் கலப்பது புதிதல்ல. வெனிஸ் நகரின் கால்வாய்களை வரைந்த டர்னர் சாம்பல் நிறத் தாளில் நீர்வண்ணத்தோடு ஒளிபுகா வெள்ளையும் பேனா மையும் சேர்த்தார். தேவையில்லாத இடத்தில் தாளின் நிறத்தையே மாலை வெளிச்சமாக விட்டுவைத்தார். 1912இல் பிக்காஸோ ஓவியத்தில் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஒட்டியதும், அதே ஆண்டில் பிராக் காகிதத்தை வெட்டி ஒட்டியதும் பெரிய திருப்பம். அதுவரை பொருளைப் போல வரைந்து காட்டினார்கள். அன்றிலிருந்து பொருளே படத்துக்குள் வந்தது. ஹானோவரின் குர்ட் ஷ்விட்டர்ஸ் தெருவில் கிடந்த டிராம் டிக்கெட்டுகளையும் உறைகளையும் பொறுக்கி ஒட்டினார். 1949இல் பாரிஸில் ரேமோன் ஹேன்ஸும் ஜாக் வில்லக்லேயும் சுவரொட்டிகளைச் சுவரிலிருந்து கிழித்தெடுத்தே படமாக்கினார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒழுக்கம் ஒன்று உண்டு. ஒட்டப்பட்ட பொருள் அந்த இடத்திலிருந்து, அந்த நாளிலிருந்து வந்தது. டிக்கெட் ஹானோவர் டிக்கெட்; சுவரொட்டி பாரிஸ் சுவரொட்டி. நகரத்தைப் பற்றிய படத்தில் நகரத்தின் ஒரு துண்டு இருந்தது.

இன்றைய படகுத்துறை ஓவியம் ஒன்று எப்படி உருவாகிறது என்று கிட்டப்போய்ப் பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும். கேன்வாஸில் முதலில் ஜெஸ்ஸோ பூச்சு. அதன் மேல் சீனச் செய்தித்தாளையும் மெல்லிய திசுத்தாளையும் தாறுமாறாகக் கிழித்து, அக்ரிலிக் ஜெல்லில் தோய்த்து ஒட்டுகிறார்கள். ஓரங்கள் சுருங்கி வரப்புப்போல எழும்பும். காய்ந்ததும் காவியும் பழுப்பும் நீர்த்த கலவையாக மேலே ஓடும். வரப்புகளின் இடுக்கில் நிறம் தேங்கும். ஈரத்தை ஒரு துணியால் ஒற்றியெடுத்தால் எழுத்துகள் பாதி தெரிந்தும் தெரியாமலும் மேலே வரும். பிறகு மைக்கோட்டில் கடைவீடுகளின் சன்னல்கள், அஞ்சடி நடைபாதைத் தூண்கள், பாலத்தின் வளைவு. பாலெட் கத்தியால் படகுகளின் அடிப்பாகம். முகப்பில் சிவப்பு. கடைசியாக வெள்ளைப் புள்ளிகளும் பளபளக்கும் வார்னிஷும்.

சுவர்களைப் பொறுத்தவரை இந்த முறைக்கு ஈடில்லை. சுண்ணாம்பு உதிர்ந்து, மழையில் கறுத்து, அதன்மேல் விளம்பரம் எழுதி, அதுவும் மங்கிய சுவரை ஒரே பூச்சில் வரைந்துவிட முடியாது. பல காலம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பரப்பைப் பல தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியே சொல்லிவிடலாம். கூட்டத்தைச் சொல்வதிலும் இந்த ஊடகத்துக்கு ஒரு சாதகம் உண்டு. நெரிசலில் எந்த மனிதரும் முழுதாகக் கண்ணில் படுவதில்லை. ஒரு முதுகு, ஒரு கூடை, பாதி பலகை, ஒரு பெயர்ப்பலகையின் இரண்டு எழுத்து என்று துண்டு துண்டாகவே கண் வாங்குகிறது. கிழித்து ஒட்டிய பரப்பும் அப்படித்தான் பேசுகிறது. தூரத்திலிருந்து ஒரு கரை. கிட்டத்தில் வந்தால் நூறு துண்டுகள். பார்வையாளர் முன்னும் பின்னும் நடந்தாக வேண்டும். அந்த நடையே நெரிசலின் அனுபவத்தை ஓரளவு கொடுத்துவிடுகிறது.

தண்ணீரில்தான் பலர் சறுக்குகிறார்கள். கரையைச் சொல்லக் கைகொடுத்த சொரசொரப்பு ஆற்றைச் சொல்ல ஒத்துழைப்பதில்லை. செய்தித்தாள் வரப்புகளின் மேல் நீலப்பச்சையை இழுத்துவிட்டால் அது தண்ணீராகிவிடாது. இன்னொரு சுவர் படுத்துக்கிடப்பதுபோல இருக்கும். நல்ல கையுள்ளவர்கள் அந்தப் பகுதியில் ஒட்டுவதையே நிறுத்திவிடுகிறார்கள். கேன்வாஸின் வழுவழுப்பை அப்படியே விட்டு, மெல்லிய நிறத்தை வழியவிட்டு, படகுகளின் நிழல் விழும் இடத்தில் மட்டும் மெழுகுக் கட்டியால் கோடிழுத்து அதன்மேல் மையைத் தடவுகிறார்கள். மெழுகு ஈரத்தைத் தள்ளும். கோடுகள் ஒளிர்ந்து நிற்கும். ஹென்றி மூர் இரண்டாம் உலகப்போர்க் காலச் சுரங்க ரயில் புகலிட ஓவியங்களில் கையாண்ட அதே உத்திதான். எங்கே ஒட்டக்கூடாது என்று தெரிந்திருப்பது இந்தக் கலையில் பாதித் தேர்ச்சி.

குறைகளில் முதன்மையானது காலக்குழப்பம். ஒட்டும் பொருளுக்கு அதன் சொந்தத் தேதி உண்டு. போன மாதச் செய்தித்தாளின் பங்குச் சந்தைப் பக்கத்தையோ வீட்டுமனை விளம்பரத்தையோ கிழித்து, 1960களின் படகுகளுக்கு அடியில் ஒட்டினால் அது வெறும் சொரசொரப்புக்கான மூலப்பொருள். படிக்கத் தெரிந்தவர் படித்துவிடுவார். சீன எழுத்து என்பதாலேயே அது பழமையைக் காட்டிவிடும் என்ற நம்பிக்கையில் அவமரியாதையும் இருக்கிறது. அந்த மொழி இன்றும் நாளிதழ் நடத்தும் மொழி. பழம்பொருளின் அடையாளம் அல்ல. வேண்டுமென்றே இன்றைய செய்தியைப் பழைய ஆற்றில் வைத்து இரண்டையும் மோதவிடும் ஓவியர் இருந்தால் அது வேறு விஷயம். அப்படிப்பட்ட மோதல் பெரும்பாலான படங்களில் இல்லை. கையில் கிடைத்த தாள், அவ்வளவுதான்.

படகு முகப்பின் சிவப்பும் அப்படியே. சீனாவின் சிங் ஆட்சிக் காலத்தில் எந்த மாகாணத்துக் கப்பல் என்று தெரிவதற்காக குவாங்டோங் கப்பல்களுக்குச் சிவப்பும் ஃபூஜியன் கப்பல்களுக்குப் பச்சையும் முகப்பில் பூச ஆணை இருந்தது. அந்த வழக்கம் சிங்கப்பூர் ஆறு வரை வந்தது. தியோச்சுக்காரர் படகுக்குச் சிவப்பு, ஹொக்கியன்காரர் படகுக்குப் பச்சை. இரண்டிலும் தண்ணீரைப் பார்க்கும் பெரிய கண்கள். எந்தப் படகு யாருடையது, எந்தச் சமூகத்தின் துறை எது என்பதெல்லாம் அந்த நிறத்தில் இருந்தது. பழுப்புப் பரப்பில் சிவப்பு எடுப்பாக இருக்கிறது என்பதற்காக எல்லா முகப்பையும் சிவப்பாக்கும் படம், ஆற்றின் பாதிப் பேரை அழித்துவிடுகிறது. கண்கள் இன்னும் அதிகமாகப் பாதிக்கப்பட்ட விவரம். பல படங்களில் அவை வெறும் வெள்ளை வட்டம்.

மனிதர்களுக்கு நேர்வது இதைவிடக் கடுமை. நீர்வண்ணத்தில் ஒரு தீற்றலாகவாவது குனிந்து நின்ற சுமைகூலி, கலப்பு ஊடகப் படத்தில் பெரும்பாலும் ஒரு கறுப்புப் புள்ளி. பரப்பின் செழிப்பே போதும் என்று ஓவியர் நினைத்துவிடுகிறார். நெரிசல் இருக்கிறது, நெரிசலுக்குக் காரணமான வேலை இல்லை. சுவரின் வெடிப்புக்குக் கிடைக்கும் கவனம் தோளின் வளைவுக்குக் கிடைப்பதில்லை. இந்தக் குறை ஊடகத்தோடு பிறந்ததல்ல. ஊடகம் தரும் வசதியால் வளர்ந்தது. கண்ணுக்கு விருந்தாக ஒரு பரப்பு அமைந்துவிட்டால், அங்கே யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கத் தோன்றாமல் போய்விடுகிறது.

நெரிசலான ஆற்றங்கரையை வரைவதற்கான அளவுகோலாக இன்றும் நிற்பது 12ஆம் நூற்றாண்டுச் சீனச் சுருள் ஓவியம் ஒன்று. சாங் ஸெதுவான் பட்டுத்துணியில் மையும் மென்னிறமும் கொண்டு வரைந்தது, உயரம் 24.8 சென்டிமீட்டர், நீளம் 5 மீட்டருக்கு மேல். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு வளைவுப் பாலம். அதன் கீழே ஒரு பெரிய படகு பாய்மரத்தை இறக்கி முடிக்காமல் பாலத்தை நெருங்கிவிட்டது. படகிலிருப்பவர்கள் கழியை ஊன்றுகிறார்கள், பாலத்திலிருப்பவர்கள் கைப்பிடியில் சாய்ந்து கத்துகிறார்கள், ஒருவர் கயிறு வீசுகிறார். சில சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்த உருவங்களில் வேலை இல்லாதவரைக் காண்பது அரிது. வேடிக்கை பார்ப்பவரும் முழு உடம்போடு வேடிக்கை பார்க்கிறார். ஒரே தூரிகை, ஒரே மை. ஒட்டிய துண்டு எதுவும் இல்லாமலேயே ஆற்றின் இரைச்சல் கேட்கிறது.

வாரணாசிப் படித்துறைகளை வரைந்த ராம் குமார் நேர் எதிர்த்திசையில் போனார். 1960களில் அவர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படங்களில் மனிதர்களே இல்லை. பழுப்பும் சாம்பலுமாக வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நிற்கின்றன. ஆனாலும் அங்கே பெருங்கூட்டம் வாழ்ந்து, செத்து, எரிந்துபோன உணர்வு கனக்கிறது. மனிதரை விட்டுவிடுவது அவர் யோசித்து எடுத்த முடிவு; அந்த இன்மைதான் படம். சந்தைக்கு வரும் படகுத்துறை ஓவியங்களில் மனிதர் இல்லாதது அந்த வகை அல்ல.

சிங்கப்பூரிலேயே, ஆற்றை அழகாக மட்டும் தீட்டும் பழக்கத்துக்கு எழுந்த மிகக் கூர்மையான பதில் ஓவியச் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறது. தியோ எங் செங் 1938இல் பிறந்தவர்; இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் படித்தவர்; நீண்ட காலம் பள்ளியில் கலை கற்பித்தவர். தூரிகை ஓவியத்திலிருந்து விலகி 1979 வாக்கில் காகிதக் கூழுக்குச் சாயமேற்றி உருவங்கள் செய்யத் தொடங்கினார். அந்த முறைக்குத் தானே ‘பேப்பர்டைஸ்கல்ப்’ என்று பெயர் வைத்தார். 1986இல், அதாவது படகுகள் போய் மூன்றாம் ஆண்டில், ஆறு அநேகமாகச் சுத்தமாகிவிட்ட நேரத்தில், ‘வலை: சந்தேகமின்றிச் சிங்கப்பூர் ஆறு’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு படைப்பைச் செய்தார். பெரிய வலை ஒன்று. அதில் சிக்கியும் தொங்கியும் நிற்கும் சாயமேற்றிய காகிதக் கூழ்த் திரள்கள். இன்று அது சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அதில் பாலம் இல்லை, கடைவீடு இல்லை, சிவப்பு முகப்புப் படகு இல்லை. ஆற்றங்கரை ஓவியம் என்றதும் எதிர்பார்க்கப்படும் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆற்றின் பொருள்தன்மை முழுக்க இருக்கிறது. வலை ஆற்றில் இறங்கி மேலே வரும்போது எதை அள்ளிக்கொண்டு வருமோ அதுவே படைப்பு. அழகான காட்சியைத் தீட்டித் தீட்டிப் பழகிய கைகளைப் பார்த்து, அந்தத் தண்ணீரில் உண்மையில் என்ன மிதந்தது என்று கேட்கிறது. வண்ணங்கள் பளிச்சென்று இருப்பதும் கவனிக்க வேண்டியது. பழமையைக் குறிக்கும் பழுப்பை அவர் தொடவில்லை. குப்பைக்கு எப்போதும் நிகழ்கால நிறம். காகிதத்தை ஒட்டுக்காகப் பயன்படுத்தாமல், கரைத்துக் கூழாக்கி, ஊறி உப்பிய பொருளாகவே கையாண்டது ஒரு பெரிய தீர்வு. காகிதம் தண்ணீரில் என்ன ஆகுமோ அதுவாகவே இருக்கிறது. கலப்பு ஊடகத்தின் முழு வலிமையை இந்தக் கரையின் விஷயத்தில் காட்டிய படைப்பு என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

அதற்கும் ஒரு குறை உண்டு, அது சிறியதல்ல. வலையில் குப்பை சிக்கியிருக்கிறது. வலையை இழுத்தவர் இல்லை. துப்புரவுக்காக வெளியேற்றப்பட்டவர்களும் இல்லை. அழகு ஓவியங்களின் பொய்யை உடைத்த படைப்பு, அந்த ஓவியங்கள் விட்டுவிட்ட மனிதர்களை வேறு வகையில் தானும் விட்டுவிடுகிறது. தலைப்பைப் படிக்காதவருக்கு அது எந்த ஆறு என்றும் தெரியாது. தலைப்பின் துணையில்லாமல் நிற்கும் இன்னொரு வழி இருந்திருக்குமா என்ற கேள்வி அதன் முன் நிற்கும் எவருக்கும் எழ வேண்டியதுதான்.

அதே காலத்தில் வேறொருவர் எந்தக் கலப்பும் இல்லாமல் அந்த மனிதர்களைக் காப்பாற்றி வைத்தார். 1921இல் பிறந்து 2025 பிப்ரவரியில் 103 வயதில் மறைந்த லிம் ட்ஸெ பெங், ஆறும் சைனாடவுனும் மாறிக்கொண்டிருந்த 1970களின் இறுதியிலும் 80களின் தொடக்கத்திலும் சீனத் தூரிகையும் மையும் தாளுமாகத் தெருவிலேயே அமர்ந்து நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளினார். பட்டறையில் ஆற அமர வரைய வேண்டிய ஊடகத்தை வெயிலுக்குக் கொண்டுவந்தது அவர் செய்த கலப்பு. அவசரக் கோடுகள், வழுக்கும் மை, நெருங்கி நிற்கும் படகுகள். தள்ளுவண்டியும் கூடையும் குனிந்த உடம்பும் கோட்டிலேயே இருக்கின்றன. அங்கே போய் உட்கார்ந்ததன் பலன் அது. ஒட்டுக் காகிதத்தின் செழிப்பு எவ்வளவு இருந்தாலும் இந்த நேரடிப் பார்வைக்கு ஈடாகாது. புகைப்படத்தைப் பார்த்து, அதன் மேல் சொரசொரப்பை ஏற்றி உருவாகும் படங்களின் அடிப்படைக் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

படங்கள் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வியை விற்பவர்களும் வாங்குபவர்களும் தள்ளிப்போடுகிறார்கள். செய்தித்தாள் மரக்கூழில் செய்த மலிவான தாள். அதிலுள்ள லிக்னின் ஒளி பட்டு மஞ்சளாகிப் பழுப்பாகும். அமிலம் தாளையே நொறுங்கவைக்கும். 1912 வாக்கில் பிக்காஸோவும் பிராக்கும் ஒட்டிய செய்தித்தாள்கள் இன்று பழுப்பேறிவிட்டன. அவர்கள் நினைத்த வெளிச்சத்தை இன்று பார்ப்பவர் ஊகிக்கத்தான் முடியும். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக்கைப் பூசினால் பிடிப்பில்லாமல் காலப்போக்கில் உரியும். துணியும் தாளும் கயிறும் ஈரத்தில் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும், ஒட்டு விட்டுப்போகும். ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில், குளிரூட்டியை இரவில் நிறுத்திவிடும் அலுவலகச் சுவரில், இதெல்லாம் இன்னும் வேகமாக நடக்கும். அமிலமற்ற தாளில் நிறமி மையால் நகலெடுத்து ஒட்டுவது, ஒட்டுவதற்கு முன் தாளின் அமிலத்தைப் போக்குவது, முதலிலிருந்தே அக்ரிலிக்கோடு நின்றுவிடுவது என்று வழிகள் இருக்கின்றன. செலவும் நேரமும் பிடிப்பதால் மலிவான படங்களில் இவை கடைப்பிடிக்கப்படுவதில்லை.

அசலை ஒட்டுவதா, நகலை ஒட்டுவதா என்பது இன்னும் சிக்கலானது. கிட்டங்கிப் பேரேட்டின் ஒரு பக்கம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ் எண்களில் கணக்கு, வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். அதைக் கிழித்து ஒட்டினால் ஷ்விட்டர்ஸின் டிராம் டிக்கெட்டைப் போல உண்மையான துண்டு படத்துக்குள் வரும். ஆனால் டிராம் டிக்கெட்டுகள் ஆயிரக்கணக்கில் தெருவில் கிடந்தவை. பேரேடு அப்படியல்ல, ஆய்வாளர் படிக்க வேண்டிய ஆவணம் அது. ஒரு படத்தின் சொரசொரப்புக்காக அதைக் கிழிப்பது நியாயமே இல்லை. நகல் எடுப்பதுதான் சரி. நகலில் தாளின் கனமும் மையின் மேடும் போய்விடும் என்பது உண்மையான இழப்பு. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு, நகல் என்பதை மறைக்காமல் வைக்கும் படத்துக்கு அதற்குரிய நேர்மை இருக்கும்.

செட்டியார்களுக்கு ஆற்றங்கரையில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அது சிற்பத்தில். ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் அருகே செர்ன் லியன் ஷான் செய்த வெண்கலச் சிலைகளில் அன்றைய செட்டியாரும் இன்றைய நிதி வணிகர்களும் சேர்ந்திருக்கிறார்கள். கேவனா பாலத்துக்குப் பக்கத்தில் சோங் ஃபா சியோங்கின் சிறுவர்கள் ஆற்றில் குதிக்கிறார்கள். வெண்கலம் மனிதரை நினைவில் வைத்த அளவுக்குக்கூடக் கலப்பு ஊடக ஓவியம் வைக்கவில்லை. ஒரு பேரேட்டு நகல், ஒரு மூங்கில் குச்சி, சாக்கின் ஒரு கிழிசல் ஆகிய மூன்றும் இந்த ஊடகத்துக்கு இயல்பாகப் பொருந்துபவை. மூன்றுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். செய்தித்தாளின் வரப்பு கொடுக்கும் அதே சொரசொரப்பைச் சாக்கும் கொடுக்கும்; கூடவே யார் தோளில் அது இருந்தது என்ற கேள்வியையும் கொண்டுவரும்.

இன்றைய ஆறும் நெரிசலானதுதான். 2008இல் மரீனா அணைக்கட்டு வந்த பிறகு அது நன்னீர்த் தேக்கத்தின் ஒரு கை. 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட படகுத்துறைக் கடைவீடுகள் உணவகங்களாகவும் மதுக்கூடங்களாகவும் நிரம்பியிருக்கின்றன. ஆற்றைப் பார்த்த முகப்புகளைத்தான் எல்லோரும் வரைகிறார்கள். அந்த வீடுகளின் மறுபுறத்தில் சமையலறைப் புகை போகிறது, பாத்திரம் கழுவப்படுகிறது, காய்கறிப் பெட்டிகள் இறங்குகின்றன, பொட்டலம் எடுத்துப்போக ஆட்கள் காத்திருக்கிறார்கள். மூட்டை இப்போது அட்டைப்பெட்டி. குச்சிக் கணக்கு இப்போது கைபேசித் திரையில். ஒட்டுவதற்கான காகிதம் அங்கே நிறையக் கிடக்கிறது, தேதியோடும் நேரத்தோடும் அச்சிட்ட ரசீதுகளாக. பழைய படகை மறுபடி மறுபடி பழுப்பில் ஒட்டுவதைவிட, அந்த ரசீதுகளைக் கையில் எடுக்கும் ஓவியர் ஷ்விட்டர்ஸுக்கு நெருக்கமானவர்.

ரசீதின் வெப்ப அச்சு சில ஆண்டுகளில் வெளிறிப்போகும் என்பதையும் அந்த ஓவியர் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு முன்பாகக் கலைக்கூடங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இப்போது படத்தின் பக்கத்தில் இருக்கும் சிறு அட்டையில் ‘கலப்பு ஊடகம், கேன்வாஸ்’ என்பதோடு விவரம் முடிந்துவிடுகிறது. எந்தத் தாள், அசலா நகலா, எந்த ஆண்டு அச்சிட்டது, எங்கிருந்து வந்தது, எந்தப் பசையால் ஒட்டியது என்று அந்த அட்டையில் எழுதட்டும். வாங்குபவருக்குப் படத்தின் ஆயுள் தெரியும். பழுதுபார்க்கப் போகும் நிபுணருக்கு வேலை எளிதாகும். போன மாதச் செய்தித்தாளை 1960களின் ஆற்றுக்கு அடியில் ஒட்டிய ஓவியரும் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள நேரும்.